துண்டுக்கடியில் ஒரு பாலம்

எந்த வரைபடத்திலும் இடம்பெறாததால் எந்த நாட்டுக்காரரும் கோபித்துக்கொள்ள வழியில்லாத நாடு ஒன்று இருந்தது. மந்தைக்கரை என்று பெயர். நடுவே ஓர் ஆறு. இந்தக் கரையில் சந்தை, அந்தக் கரையில் வீடுகள். நடுவில் ஓடம். ஓடத்தின் சொந்தக்காரர் திருமேனிநாதர். நாட்டில் மீதி இருந்ததெல்லாம் மக்களுக்குச் சொந்தம் என்று சட்டப்புத்தகத்தில் எழுதியிருந்தது.

அந்த நாட்டை உண்டாக்கியவர்கள் மாட்டுத் தரகர்கள். சந்தையில் அவர்கள் விலை பேசும் விதம் எல்லாருக்கும் தெரியும். இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் புரியாது. விற்கப்படுகிற மாட்டுக்கும் புரியாது. இவ்வளவு நல்ல முறை மாட்டோடு நிற்கலாமா என்று யோசித்த முன்னோர்கள், ஆட்சியையும் அப்படியே நடத்துவதென்று எழுதி வைத்தார்கள். மாமன்றத்தில் இருபத்தொரு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவரே தலைவர்; அவருக்கு மகாதரகர் என்று பட்டம். ஒரு தீர்மானம் வந்தால் அவர் துண்டோடு ஒவ்வொருவரிடமும் போவார். கட்டை விரலைக் கொடுத்தால் சம்மதம், சுண்டு விரலைக் கொடுத்தால் மறுப்பு. பிறகு அவர் மேடையேறி முடிவை அறிவிப்பார். முடிவு எப்போதும் ஏகமனதாகவே இருந்தது.

ஆண்டுதோறும் ஒரு தீர்மானம் வரும்: ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்ட வேண்டும். ஆண்டுதோறும் ஏகமனதாக நிராகரிக்கப்படும். உறுப்பினர்கள் ஊருக்குப் போய், "நான் கட்டை விரலைத்தான் கொடுத்தேன், மத்தவங்கதான் கெடுத்துட்டாங்க" என்பார்கள். இருபது பேரும் இதையே சொன்னார்கள். இருபது ஊர்களும் நம்பின. கட்டை விரல்கள் இருபது கூடியும் பாலம் ஏன் வரவில்லை என்று கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சந்தையில் மூக்கணாங்கயிறு விற்ற உமையாளுக்கும் தோன்றவில்லை, தன் அம்மா சாகக் கிடக்கும் செய்தி வரும் வரைக்கும். அந்த வாரம்தான் புதுச் சட்டம் வந்திருந்தது: ஓடம் நிறைந்தால்தான் புறப்படும். உமையாள் ஏறி உட்கார்ந்தாள். அவளோடு சேர்த்துப் பதினோரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் மறுநாள் மத்தியானம் வந்தான். அவள் அக்கரை சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசல் தெளித்திருந்தார்கள்.

அன்று அவள் புருஷன் மயிலேறியைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாள். "எனக்குப் பாலம் வேணும். எவன் தடுக்கிறான்னு தெரியணும்."

மயிலேறி குள்ளமான ஆள். தலைமுடி மட்டும் நெட்டுக்குத்தலாக நின்று அவருக்கு அரை முழம் கூட்டிக் கொடுத்தது. இருபது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. இந்தக் கடைசித் தகுதிக்காகவே ஊர் அவரை மாமன்றத்துக்கு அனுப்பியது.

முதல் கூட்டத்தில் அவர் கட்டை விரலைக் கொடுத்தார். மகாதரகர் உலகளந்தார் மேடையேறி, "பாலத் தீர்மானம் ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது" என்றார்.

"அய்யா, நான் கட்டை விரலைத்தானே கொடுத்தேன்?" என்று மயிலேறி எழுந்தார்.

"உறுப்பினர் அமரவும். துண்டுக்குள் நிகழ்ந்ததை வெளியே சொல்வது முன்னோர்களை அவமதிப்பதாகும்."

"அப்ப என் விரல் எங்க போச்சு?"

"அது ஏகமனதில் அடங்கிவிட்டது."

மயிலேறி உட்கார்ந்துவிட்டார். தோற்றுப்போய் அல்ல, ஒன்றைக் கவனித்துவிட்டு. சந்தையில் அடுத்தவன் பேரத்தை அவர் எப்போதும் தோளைப் பார்த்தே கண்டுபிடிப்பார். துண்டு விரலைத்தான் மறைக்கும். கட்டை விரலை நீட்டுகிறவனுக்குத் தோள் ஏறும். சுண்டு விரலைக் கொடுக்க மணிக்கட்டைத் திருப்புகிறவனுக்குத் தோள் இறங்கும். அன்று அவையில் பத்தொன்பது தோள்கள் இறங்கியிருந்தன. மீதி ஒன்று அவருடையது, இன்னொன்று மகாதரகருடையது. மகாதரகர் தன் கையைத் தானே பிடித்து ஓட்டுப் போடுவதால் அவருக்கு இரண்டு தோளும் இறங்கும்.

மறுநாள் ஒற்றை மாட்டு வண்டியில் புருஷனும் பெண்டாட்டியும் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். மயிலேறி வண்டி மேல் நின்று பேசுவார். உமையாள் அவர் காலில் ஒரு மூக்கணாங்கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பாள். பேச்சு நீண்டால் இழுப்பாள். அவர் முதல் இழுப்புக்கு நின்றதே கிடையாது. மூன்றாவதற்கு, "இதோ முடிக்கிறேன்" என்பார். ஏழாவதற்கு முடிப்பார்.

"ஏங்க, வரலாறெல்லாம் வேணாம். பேரைச் சொல்லிட்டு இறங்குங்க" என்பாள்.

அவரும் சொன்னார். "ஆலடிப்பட்டி மக்களே! உங்க உறுப்பினர் பச்சைமால், பாலத் தீர்மானம், போன மாசம் எட்டாம் தேதி. தோள் இறங்கியது!"

பச்சைமால் கூட்டத்தில்தான் இருந்தார். "பொய்! எனக்குத் தோள்ல சுளுக்கு" என்று கத்தினார்.

"வருஷா வருஷம் அதே தேதிக்கா மாமா சுளுக்குது?" என்றாள் தயிர்க்காரி ஒருத்தி. அவள் தயிர் மூன்று நாள் ஓடத்துக்குக் காத்திருந்து புளித்துப் போயிருந்தது. "கையை நீட்டுங்க, நான் வேணா நீவி விடறேன்."

ஊரே சிரித்தது. அன்று இரவு பச்சைமால் வீட்டில் அவருக்குச் சோறு போட ஆளில்லை என்று கேள்வி.

மாமன்றம் இதை நாட்டுப் பாதுகாப்புப் பிரச்சினையாகக் கருதி அவசரமாகக் கூடியது. உறுப்பினர்களின் தோள் மக்களின் சொத்தல்ல என்று அறிவித்து, அவைக்கு வருவோர் சால்வை போர்த்த வேண்டும் என்று சட்டம் போட்டது. மயிலேறி கழுத்தைப் பார்த்துப் பேர் வாசித்தார். முக்காடு கட்டாயமானது. அவர் கால் பெருவிரலைப் பார்த்தார். சித்திரை மாதத்தில் காலுக்குக் கம்பளி உறை வந்தது. உறுப்பினர்கள் வியர்த்து வழிந்தபடி நாட்டை ஆண்டார்கள்.

துணி வளர வளர, துணிக்கடியில் சட்டங்களும் வளர்ந்தன. நீச்சல் தெரிந்தவர்கள் ஓடத் தொழிலுக்கு எதிரான சக்திகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். ஆற்றை நீந்திக் கடக்கும் எருமை, தன் முதுகில் தானே பயணம் செய்வதால், அதற்கும் ஓடச்சீட்டு வாங்க வேண்டும். கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பவர் பயணம் செய்யும் எண்ணமுடையவராகக் கருதப்படுவார். மக்கள் ஆற்றுப் பக்கம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக நடக்கப் பழகினார்கள். பல பேர் ஆற்றிலேயே விழுந்தார்கள். விழுந்தவர்கள் நீந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள்.

இருபதாவது ஆண்டில், வடக்கூர் மைதானத்தில், மயிலேறி மூன்றாவது மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். உமையாள் கயிற்றை இழுத்தாள். அவர் உடனே உட்கார்ந்தார்.

முதல் இழுப்புக்கே உட்கார்ந்துவிட்டாரே என்றுதான் அவளுக்குப் பகீரென்றது. ஏறிப் பார்த்தபோது மூச்சு இல்லை. முடி மட்டும் நெட்டுக்குத்தலாக நின்றது.

இருபது ஊர் சனமும் வந்தது. மாமன்றமும் இரங்கல் தீர்மானம் போட்டது. அதுவும் துண்டுக்கடியில்தான்; ஏகமனதாக நிறைவேறியது. காலியான இடத்துக்கு ஊர் உமையாளையே நிறுத்தி ஜெயிக்க வைத்தது. "எனக்குப் பேச வராது" என்றாள். "அதுக்காகத்தான் ஆத்தா" என்றார்கள்.

அவள் அவைக்கு வந்த முதல் நாளே மகாதரகர் தம் ஆட்சியின் மகுடமான சட்டத்தை முன்வைத்தார்: மகாபோர்வைச் சட்டம். மன்றம் முழுவதையும் மூடும் ஒரே ஒரு போர்வை. இருபத்தொரு பேரும் அதற்குள் இருப்பார்கள். இனி தோளும் தெரியாது, கால் விரலும் தெரியாது.

எல்லாரும் உமையாளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, "நல்ல சட்டம். நான் கட்டை விரல்" என்றாள்.

உலகளந்தார் கண் கலங்கினார். "மறைந்த உறுப்பினரின் துணைவியார் பொறுப்போடு நடந்துகொள்வதை இம்மன்றம் பாராட்டுகிறது."

"ஆனா துணி கெட்டியா இருக்கணும்ங்க. வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட உள்ள வரக் கூடாது. நீளமாத் தைங்க, தரையில புரளட்டும். இழுத்துக் கட்டக் கயிறு நான் தரேன், நம்ம கடைக் கயிறு அறாது."

அன்று சந்தையில் ஒருத்தரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தயிர்க்காரி மட்டும் வந்து நின்றாள். "அண்ணன் நெஞ்சு வேகுமா மதினி? இப்படி விலை போயிட்டீங்களே."

"நான் வாங்கத்தான் போயிருக்கேன். விக்கப் போகல. எட்டாம் தேதி இருபது ஊர் சனத்தையும் கூட்டிட்டு மன்றத்து ஜன்னல்கிட்ட வந்து நில்லு" என்றாள் உமையாள்.

எட்டாம் தேதி முற்பகல். வழக்கமான பாலத் தீர்மானம். கறுப்புக் கம்பளியில் தைத்த மகாபோர்வை இறங்கியது. உள்ளே கும்மிருட்டு. யாரோ யார் காலையோ மிதித்தார்கள். "அய்யோ, யாருய்யா அது" என்று ஒரு குரல். "நான்தான்" என்று இன்னொரு குரல். அதனால் யாருக்கும் எந்தத் தெளிவும் ஏற்படவில்லை.

மகாதரகர் கையை நீட்டித் துழாவிக்கொண்டே முதல் வரிசைக்கு வந்தார். அப்போதுதான் உமையாள், பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாமலே, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அண்ணே, இப்ப எந்தக் கை யாருதுன்னு அவருக்கே தெரியாது."

இத்தனை வருடமாகத் துண்டு மக்களிடமிருந்துதான் விரலை மறைத்தது. மகாதரகரின் கை உள்ளேதான் இருந்தது. யார் மறுத்தார், யார் சம்மதித்தார் என்பது அவர் உள்ளங்கையில் இருந்தது. திருமேனிநாதர் வீட்டு விருந்தில் யாருக்கு இலை போடுவது என்பதும் அதைப் பொறுத்தே இருந்தது. இப்போது முதன்முறையாக அவரும் வெளியாள்.

ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார். அது பச்சைமால் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

மகாதரகர் ஒரு கையைப் பிடித்தார். கட்டை விரல். அடுத்தது, கட்டை விரல். அடுத்தது. ஒரு கட்டை விரலில் பிரியாணி வாசம் இருந்தது. விருந்து சாப்பிட்ட கையேதான். அவருக்கு வியர்த்தது. சுற்றி முடித்தபோது இருபது கட்டை விரல், ஒரே ஒரு சுண்டு விரல். அந்தச் சுண்டு விரல் யாருடையது என்று மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அது அவருடையது.

அவர் வெளியே வந்து, வழக்கம்போல் ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது என்று அறிவித்திருக்கலாம். அவருக்கு அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் அவர் பரம்பரைத் தரகர். பேரத்தில் தோற்றால்கூடத் தாங்குவார். தன்னை ஏய்த்தவன் யாரென்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உமையாளின் கயிறு ஒவ்வொன்றையும் பிய்க்கப் பார்த்து முடியாமல், பல்லால் கடித்து அவிழ்த்து, போர்வையைச் சுருட்டி எறிந்தார்.

"யாரு? எந்தப் பயலுக அது? கட்டை விரல் கொடுத்தவன் அத்தனை பேரும் கையைத் தூக்குங்கடா! பேரைச் சொல்லுங்கடா!"

மயிலேறி இருபது வருடம் வண்டி மேல் நின்று கேட்ட கேள்வி அதுதான். இவ்வளவு சத்தமாக அவர்கூடக் கேட்டதில்லை.

வெளிச்சத்தில் உறுப்பினர்கள் கண்களைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஜன்னல் ஒவ்வொன்றிலும் முகங்கள். அவரவர் ஊர், அவரவர் பெண்டாட்டி. தயிர்க்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, சுளுக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

பச்சைமாலின் கை மெல்ல ஏறியது. "ஆலடிப்பட்டி, பச்சைமால், கட்டை விரல்" என்றார். சொல்லி முடித்ததும், இருபது வருடமாக இறங்கிக் கிடந்த தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு கையாக ஏறியது. ஒவ்வொரு பேருக்கும் ஜன்னலில் விசில் பறந்தது. கடைசியாக உமையாள் எழுந்து தன் பேரைச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷன் பேசியதில் இன்னும் மிச்சம் இருந்தது.

பாலம் வந்தது. நெய்க்குடமும் எருமையும் கல்யாண மாப்பிள்ளையும் நினைத்த நேரத்தில் கடந்தார்கள். உமையாள் முதல் நாள் அக்கரைக்கும் இக்கரைக்கும் பதினான்கு தடவை நடந்தாள். ஒரு காரியமும் இல்லை.

பாலத்தின் தலைமாட்டில் மயிலேறிக்குச் சிலை வைத்தார்கள். முடியைச் சேர்த்து ஏழடி. அடியில் கல்வெட்டு: "மன்றத்தில் போர்வையைத் தம் கையாலேயே அகற்றி, வெளிப்படை ஆட்சி தந்த மகாதரகர் உலகளந்தார் திறந்து வைத்தது." பொய் என்று யாரும் சொல்ல முடியவில்லை. அகற்றியது அவர்தான், பல்லும் அவருடையதுதான். திருமேனிநாதர் தம் ஓடத்துக்கு மயிலேறி பேரையே வைத்துச் சுற்றுலா விடுகிறார். ஆண்டுதோறும் அந்த எட்டாம் தேதி வந்தால், பாலத்துக்குப் பிறகு முளைத்த எல்லாக் கட்சிகளின் தலைவர்களும் வருகிறார்கள், தாங்கள்தான் மயிலேறியின் வாரிசு என்கிறார்கள், சிலைக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பிறகு ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்கிறார்கள்.

சிலைக்கு அடியில் கயிற்றுக் கடை போட்டிருக்கும் உமையாள், அவர்கள் போனதும் ஏறிப் பொன்னாடைகளை உருவி, கன்றுக்குட்டி வைத்திருப்பவர்களுக்குக் குளிருக்குப் போர்த்தக் கொடுத்துவிடுவாள். "அவருக்குத் தோள் தெரியணும்" என்பாள்.

போன எட்டாம் தேதியும் கூட்டம். உலகளந்தாரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒரே பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு, கேமராவுக்குச் சிரித்தபடி வெகு நேரம் நின்றார்கள். பொன்னாடை இருவர் கையையும் மூடியிருந்தது. உமையாள் கயிறு திரிப்பதை நிறுத்தித் தலை நிமிர்ந்தாள். ஒருவருக்குத் தோள் ஏறியது. மற்றவருக்கு இறங்கியது. பிறகு இருவருக்கும் ஒரே மாதிரி இறங்கியது.

பாலத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சனம். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குரல் கொடுத்தாள்:

"என்னங்கய்யா, பேர் வாசிக்கட்டுமா?"

பாலம் முழுக்கச் சிரித்தது. பொன்னாடை கீழே விழுந்தது. நான்கு கைகளும் காற்றில் அப்படியே நின்றன, எந்த விரலை மடக்குவதென்று தெரியாமல்.