முன்கூட்டியே எடுத்த டிக்கெட்

எங்கள் கால்பந்துச் சங்கத்தைப் போல வருங்காலத்தைத் துல்லியமாக அறிந்த அமைப்பு உலகத்திலேயே கிடையாது. பிராந்தியக் கோப்பைக்குப் புறப்படும்போதே, குழுச் சுற்று முடிந்த மறுநாள் காலை விமானத்தில் எல்லாருக்கும் திரும்பிவர டிக்கெட் எடுத்துவிடுவோம். இதுவரை ஒரு டிக்கெட்கூட வீணானதில்லை. பயண ஏற்பாட்டுச் செயலாளர் என்ற முறையில் இந்தப் பெருமையில் எனக்கும் சிறு பங்கு உண்டு.

இந்த முறை ஒரு விபரீதம். முதல் ஆட்டத்தில் தோற்றோம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதில் பையன்கள் ஜெயித்துத் தொலைத்தார்கள். மூன்றாவதில் டிரா செய்தாலே காலிறுதி.

தலைவர் அவசரக் கூட்டம் போட்டார்.

"டிக்கெட்டை மாத்த முடியுமா?"

"முடியாது சார். மலிவு டிக்கெட்."

"ஹோட்டல்?"

"நாளையிலேருந்து நம்ம ரூமெல்லாம் வேற டீமுக்கு."

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "கோல்கீப்பர் உங்க மச்சினன்தானே? 'பயண நிலவரத்தை'ப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

போனேன். மச்சினன் உடைமாற்றும் அறையில் குனிந்து ஷூ லேஸை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"ரொம்ப அலட்டிக்காத மாப்ளே. விடிஞ்சதும் ஏர்போர்ட் பஸ்."

"எங்க போக?"

"வீட்டுக்கு."

"நாங்க இன்னும் வெளியேறவே இல்லையே அத்தான்."

இதற்குச் சங்க விதிகளில் பதில் இல்லை.

அன்றைக்குக் கடைசி நிமிடம் வரை இரு பக்கமும் கோல் விழவில்லை. அப்போது பார்த்து எதிரணிக்கு ஒரு பெனால்டி. தலைவர் முகத்தில் நம்பிக்கை துளிர்த்தது. மச்சினன் இடப்பக்கம் பாய்ந்து, போகிற போக்கில் முழங்காலால் பந்தைத் தட்டிவிட்டான். நான் நாற்காலிமேல் ஏறிக் கத்திவிட்டேன். தலைவர் திரும்பிப் பார்த்ததும், தும்மல் என்று சமாளித்து இறங்கினேன்.

"எடுத்த டிக்கெட்டை வீணாக்குவது ஒழுங்கீனம்" என்று நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. காலையில் நாங்கள் பஸ் ஏறினோம். ஆட்டக்காரர்கள் ஏறவில்லை. காலி செய்த அறைகளுக்கு வெளியே, ஹோட்டல் வாசலில் பைகள்மேல் உட்கார்ந்து கையசைத்தார்கள். வழியனுப்புகிறார்கள் என்று தலைவர் நெகிழ்ந்துபோனார். நான் என் ஸ்வெட்டரைக் கழற்றி, யாரும் பார்க்காதபோது, ஜன்னல் வழியாக மச்சினன் மடியில் போட்டேன்.

விமான நிலையத்தில் மனைவியின் போன்.

"தம்பி எங்க?"

"அங்கேயேதான். காலிறுதி ஆடணும்ல."

"நீங்க?"

"வீட்டுக்கு வந்துட்டிருக்கேன். தலைவர், செயலாளர், பொருளாளர், மொத்த நிர்வாகமும் வருது."

அவள் கேட்டாள்:

"அப்ப குழுச் சுற்றோட வெளியேறினது நீங்க மட்டும்தானா?"