என் போன் மாடியில் அடிக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு உன் முட்டிவலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாடியில் குடியிருக்கும் உன் சின்னத் தம்பியும் நலமாகத்தான் இருக்க வேண்டும். தொம் தொம் என்று நடக்கிற சத்தத்தில் ஒன்றும் குறைச்சலில்லை.

நிற்க. இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நீ சிரிப்பாய். என் வீட்டிலிருந்து போன் போட்டால் உனக்கு அவன் நம்பர்தான் விழுகிறது. போன வாரம் அப்படித்தான், நான் "அக்கா" என்று வாயைத் திறப்பதற்குள், "என்னடா, உன் அண்ணன் இன்னும் உர்ருன்னுதான் இருக்கானா? சின்ன வயசுலேர்ந்தே அவன் வீம்பு புடிச்சவன்டா" என்று என்னைப் பற்றி என்னிடமே சொல்லிவிட்டாய். நான் "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது போகட்டும்.

விஷயம் என்னவென்றால், உன் மாப்பிள்ளை வேலை பார்க்கிறாரே அந்த கேபிள் கம்பெனி, டிவி, இன்டர்நெட், போன் மூன்றும் ஒரே வயரில் தருகிறார்கள் என்று மாடிக்காரன் சேர்ந்தான். அவன் சேர்ந்த பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? நானும் சேர்ந்தேன். வயர் இழுக்க வந்த ஆளுக்குக் குழப்பம்: ஒரே கதவு எண், ஒரே இனிஷியல், ஒரே மாதிரி மூக்கு. என் வயரை மேலேயும் அவன் வயரைக் கீழேயும் மாட்டிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து என் போன் அவன் ஹாலில் அடிக்கிறது, அவன் போன் என் தலைமாட்டில் அடிக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே இருந்த அவன் செருப்பு அலமாரியை நான் தள்ளி வைத்தேனாம், மழையில் நனைந்ததாம், அதற்கு ரெண்டு வருஷமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறான். இப்ப எனக்குப் போன் வந்தா தரையைக் கட்டையால இடிக்கிறான். நான் படியேறினா, வயரை இழுத்து ரிசீவரை நடுப்படியில வெச்சிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறான். நான் படியில உக்காந்து தெருவே கேக்கப் பேசிட்டு வர்றேன். அவனுக்கு வந்தா நானும் விளக்குமாத்துக் கட்டையால மேல இடிக்கிறேன். காரை உதிர்ந்து என் பொண்டாட்டி காபியில விழுந்ததுக்கும் நான்தான் பொறுப்பாம்.

டிவி கதை இதைவிட மோசம். இவ காசு கட்டின சீரியல் மேல ஓடுது, அவன் பிள்ளைங்களோட கார்ட்டூன் இங்க ஓடுது. முதல்ல தலையில அடிச்சிக்கிட்டவ, இப்ப "ஐயோ, அந்தக் கரடிக்கு இன்னிக்கும் சாப்பாடு கிடைக்கலைங்க"ன்னு கண்ணைத் துடைக்கிறா. அங்க சின்னவன் பொண்டாட்டி சும்மா சொல்லக்கூடாது, தங்கமான பொண்ணு. துணி உலர்த்துற சாக்குல ஜன்னல் பக்கம் வந்து, காத்துகிட்ட சொல்ற மாதிரி அன்னிக்கு நடந்த சீரியல் கதை பூரா சத்தமா சொல்லிட்டுப் போறா. இவ கீழேர்ந்து கரடி கதையைச் சொல்றா. ஆம்பளைங்க நாங்கதான் மானத்தைக் கட்டிக்கிட்டு அழறோம்.

கம்பெனிக்குப் போன் போட்டா ஒரு பொண்ணு, "எங்க சிஸ்டத்துல உங்க மூணு சர்வீஸும் நல்லா வேலை செய்யுது சார்"ங்கிறா. "வேலை செய்யுதும்மா, மாடியில செய்யுது"ன்னேன். லட்சக்கணக்கான கஸ்டமர் இருக்காங்களாம், யாரும் இப்படிச் சொன்னதில்லையாம். கடைசியில, வயரை மாத்தணும்னா ரெண்டு கஸ்டமரும் ஒரே போன்ல ஒண்ணாப் பேசிச் சரின்னு சொல்லணுமாம். நடக்கிற காரியமா? ஆத்திரத்துல "என் லைனையே வெட்டிடும்மா"ன்னுட்டேன். மேல டிவி அணைஞ்சதும் ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்தது. அப்புறம் இவ ஓடி வந்து, "நம்ம பொண்ணு எந்த நம்பருக்குங்க கூப்பிடுவா?"ன்னு கேட்டா பாரு, எனக்கு உசுரே போச்சு. கெஞ்சிக் கூத்தாடி மறுபடி கொடுக்க வெச்சேன்.

அதுதான் அக்கா என் கவலை. நம்ம பொண்ணு அவ்வளவு தூரத்துல நிறைமாசமா இருக்கா. டாக்டர் இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டார். இங்க செல்லுக்கு வீட்டுக்குள்ள டவர் கிடையாது; நாள் பூரா தெருமுனையிலயா நிக்க முடியும்? இன்டர்நெட்ல முகம் பாத்துப் பேசலாம்னா, என் வீட்டுப் பெட்டியோட பாஸ்வேர்டு அவன்கிட்ட இருக்கு, அவன் வீட்டுது என்கிட்ட இருக்கு. கேட்டா கொடுப்பேன். அவன் கேக்க மாட்டான். நான் போய்க் கேப்பேனா? பொண்ணைப் பத்தி நல்லதோ கெட்டதோ, சேதி முதல்ல அவன் ஹால்லதான் அடிக்கும். அவன் வீட்டுல இல்லேன்னா? இருந்தும் கட்டையை எடுக்கலேன்னா? எனக்குச் சாப்பாடு இறங்கலை. இவ மேல பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. தயவுசெய்து உன் மாப்பிள்ளைகிட்ட சொல்லி உடனே ஆளை அனுப்பி வயரை மாத்தச் சொல்லு.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகளையும் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் வீம்பு பிடித்த தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், மாடியில் சத்தம் கேட்டது. கட்டைச் சத்தம் இல்லை, கால் சத்தம். உன் சின்னத் தம்பி தலைதெறிக்க ஓடி வந்தான். கையில ரிசீவர், பின்னாடி அறுந்த வயர் இழுத்துக்கிட்டு வருது. "அண்ணா, இந்தா உன் மாப்பிள்ளை லைன்ல இருக்கார், பேசு! பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"ன்னான். நான் அந்த அறுந்த போனை வாங்கிக் காதுல வெச்சு "ஹலோ, ஹலோ"ன்னேன். அவனும் "கேக்குதா, கேக்குதா?"ங்கிறான். ரெண்டு பேருக்கும் அழுகை வேற. அப்புறம் பாஸ்வேர்டை அவனே தட்டி, எல்லாருமா குழந்தை முகத்தைப் பாத்தோம். அதே மூக்கு.

உன் மாப்பிள்ளை ஆளை அனுப்பினால் அறுந்த வயரை மட்டும் ஒட்டிவிட்டுப் போகட்டும். வேறெதையும் தொடக்கூடாது. கம்பெனிப் பொண்ணுக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒரே போன்ல ஒண்ணாப் பேசிச் சொல்லிட்டோம்: எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கு.