நாடியர் மூளைச்சாவு அறிவித்த மூன்று வாகனங்கள்

கடவுளுக்குப் பயப்படாத மனிதர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். நாடியருக்குப் பயப்படாத வாகனச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. பஸ் முதலாளியோ, பாங்கு மனேஜரோ, கொடிகாமத்தில் அவருடைய கராஜ் வாசலுக்கு வந்துவிட்டால் குரல் தானாக இறங்கிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கரண்ட் பில்லில் இருக்கும், ஆனால் யார் போய்ப் பார்ப்பது? வாகனத்தின் ஸ்ரியறிங்குக்குக் கீழே ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையை லப்டொப்பில் கொழுவி, எஞ்சின் கொம்பியூட்டரோடு கதைப்பதுதான் அவருடைய தொழில். என்ன வருத்தம், என்ன நோய் என்று வாசிப்பார். பெற்றோல் கூடப் போனால் குறைப்பார், இழுவை குறைந்தால் கூட்டுவார். பரியாரி நாடி பிடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேபிளைச் செருகுவார். அதனால் நாடியர்.

அவரிடம் போனால் முதல் விதி, வாகனத்துக்கு என்ன பிழை என்று நாங்கள் சொல்லக் கூடாது.

"அண்ணை, ஏத்தத்திலை இழுக்குதில்லை, பிளக் போட்டுது போலை..." என்று நான் ஒருமுறை தொடங்கினேன்.

"நீர் வாயை மூடும் ஐசே. வருத்தக்காரன் கதைக்கட்டும்."

வருத்தக்காரன் என்றது என்னுடைய வானை. நான் முந்திரிக்கொட்டை மாதிரி வாய் திறந்த குற்றத்துக்கு அரை மணித்தியாலம் மூலையில் கிடந்த மர வாங்கில் இருக்க வைத்தார். அந்த வாங்கில் ஏற்கெனவே ஒரு கிராமசேவகர் இருந்தார். அவர் "பற்றறியாய் இருக்குமோ" என்று கேட்டுவிட்டாராம்.

கேபிள் கனடாவிலிருந்து மச்சான் அனுப்பியது. அதை நாடியர் வைத்திருந்தது மனைவியின் நகைப் பெட்டியில், சிவப்பு வெல்வெற் துணிக்கு மேல். தாலிக்கொடி அரிசி வாளிக்குள் போய்விட்டது. "உந்தக் கண்டறியாத கேபிளைக் கட்டியிருக்கலாம், என்னை ஏன் கட்டினவர் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ தம்பி" என்று அந்த அக்கா வாற போற எல்லோரிடமும் சொல்லுவா. நாடியர் கோபிக்க மாட்டார். "கேபிள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை" என்று மட்டும் பதில் வரும். அது அக்காவுக்குச் சொன்ன பதிலா, குத்திய ஊசியா என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் கேபிள் சொன்ன உண்மையால் ஒரு குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு கந்தோர் உத்தியோகத்தர் மனைவியையும் கூட்டிக்கொண்டு காரில் வந்தார். எஞ்சின் விளக்கு எரிகிறது. நாடியர் கண்ணை மூடிச் செருகி, கண்ணைத் திறந்து வாசித்தார்.

"போன செவ்வாய்தான் லைற் எரியத் தொடங்கினதெண்டு சொன்னியள். எரிஞ்ச நேரம் வாகனம் நூற்றிப்பதினெட்டிலை போயிருக்கு."

"சேச்சே! நான் அறுபதைத் தாண்டுறதே இல்லை. கீரிமலைக்குக் குளிக்கத்தான் போனனான்."

மனைவி திரும்பினா. "செவ்வாய்க்கிழமை கீரிமலைக்கோ? எனக்கு மானிப்பாயிலை செத்தவீடு எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போனியள்!"

நாடியர் லப்டொப்பை மூடினார். "தங்கச்சி, செத்தவீட்டைப் பற்றி வாகனத்துக்குத் தெரியாது. வேகம் மட்டும்தான் தெரியும்." திரும்பிப் போகும்போது காரை ஓட்டினது மனைவி. உத்தியோகத்தர் பின் சீற்றில் இருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் போன வருடம் நவராத்திரியோடு என் வானைக் கொண்டுபோனேன். நான் பள்ளிக்கூட வான் ஓட்டிப் பிழைக்கிறவன். இந்த எழுத்தெல்லாம் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை மர நிழலில் காத்துக் கிடக்கிற நேரத்தில் எழுதுவது. கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் பதினொரு பிள்ளைகள். அந்தப் பதினொரு பிள்ளைகளால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

அந்தக் கிழமை வான் நடுங்கத் தொடங்கியது. மிதித்தால் இழுவை இல்லை. நாவற்குழியடியில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார். பிள்ளைகள் கை தட்டினார்கள், வானுக்கு இல்லை, சைக்கிளுக்கு. இரண்டு நாள் பிள்ளைகள் பிந்திப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் ஏச்சு வாங்கினார்கள். மூன்றாம் நாள் ஒரு தகப்பன் என்னைத் தனியக் கூப்பிட்டார். "தம்பி, குறை நினையாதையும். திங்கள் காலமை வான் சரியா வராட்டில் நாங்கள் எல்லாரும் வேறை வான் பாக்கிறதெண்டு கதைச்சிருக்கிறம்." நல்ல மனிதர். பிழை சொல்ல ஏலாது. ஆனால் ஒருமுறை வேறு வானில் ஏறிய பிள்ளை திரும்பி வராது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உடனே நாடியரிடம் ஓடினால், அன்று ஆயுத பூசை. ஆயுதங்களைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி முடியும்வரை அவர் ஒரு ஆணிகூடத் தொடமாட்டார். ஸ்பனர், சாவி, ஜக், எல்லாம் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் ராசா மாதிரி, திறந்தபடி நகைப் பெட்டி, உள்ளே கேபிள். நானும் நின்று கும்பிட்டேன். அவலும் கடலையும் தின்றேன். என் வானுக்காகக் கொஞ்சம் கூடவே கும்பிட்டேன்.

விஜயதசமிக்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கராஜ் திறந்ததும் முதல் வாகனம் என்னுடையதுதான். நாடியர் பெட்டியைத் திறந்து கேபிளைக் கண்ணில் ஒற்றினார், கண்ணை மூடினார், செருகினார். வழக்கமாகக் கேபிளில் ஒரு பச்சை லைற் எரியும். எரியவில்லை. லப்டொப்பில் 'தொடர்பு இல்லை' என்று வந்தது.

பியூஸைப் பார்த்தார். பற்றறியைப் பார்த்தார். லப்டொப்பை மூன்று தரம் நிற்பாட்டித் திரும்பப் போட்டார். நாலாம் தரம் அதைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி வைத்துப் போட்டார். கடைசியில் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"மூளை செத்துப்போச்சு தம்பி."

"மூளை செத்தால் எஞ்சின் எப்பிடி அண்ணை ஸ்ராட் ஆகுது?"

"கோழியின்ரை தலையை வெட்டினாப் பிறகும் கொஞ்சத் தூரம் ஓடுந்தானே."

"கேபிளிலை லைற்றும் எரியேல்லையே?"

"உயிர் இருந்தாலெல்லோ எரியும்!"

வேறு கொம்பியூட்டர் போட வேண்டும். கொழும்பில் தேட வேண்டும். அந்த விலைக்கு நான் என்னையே விற்றாலும் காணாது. வாகனங்களைக் கழற்றிப் பகுதி பகுதியாக விற்கிற ஒருவர் சாவகச்சேரியில் இருந்தார். அவருக்குப் போன் எடுத்தேன். "ஞாயிறு காலமை லொறியோடை வாறன்" என்றார். வீட்டுக்குப் போய் மனுசியிடம் சொன்னேன். அவள் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு கராஜுக்கு நடந்து போய், வான் சீற்றுகளைத் துடைத்துவிட்டு வந்தாள். கூடப் போன நான் அதைப் பார்க்க முடியாமல் கராஜ் வேலிப் பக்கம் திரும்பி நின்றேன்.

சனிக்கிழமை காலை, கடைசியாக ஒருதரம் கேட்டுப் பார்ப்போம் என்று கராஜுக்குப் போனேன். நான் போன நேரம் ஒரு ரீச்சர் புதுக் காரோடு நின்றா. சும்மா ஒருதரம் பார்த்துவிடச் சொல்லி வந்தவ. நாடியர் செருகினார். தொடர்பு இல்லை.

"ரீச்சர், மனதைத் திடப்படுத்துங்கோ. மூளை செத்துப்போச்சு."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்! நான் இப்ப பருத்தித்துறையிலை இருந்து ஓடிக்கொண்டெல்லோ வந்தனான்!"

"வந்தது பெரிய காரியம் ரீச்சர். திரும்பிப் போறதை யோசியாதையுங்கோ."

ரீச்சர் காரை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டோவில் போனா. நாடியர் என் வானையும் அந்தக் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு இரகசியமாகச் சொன்னார்: "ஐசே, உது தொத்து வருத்தம். உம்மடை வானிலை இருந்துதான் தொத்தியிருக்கு. பத்தடி தள்ளி விடும்."

நானும் தள்ளிவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒரு குற்றவாளி மாதிரித்தான் தள்ளிவிட்டேன்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஆட மாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்! எல்லாற்றை வாகனத்துக்கும் மூளை இல்லையாம்!" நாடியர் காதில் விழாத மாதிரி நின்றார்.

பத்து மணிபோல் ஒரு கூலர் லொறி வந்து நின்றது. குருநகர் மரியதாஸ் அண்ணை, கொழும்புக்கு நண்டு ஏற்றிப் போகிறவர். வழியில் எஞ்சின் விளக்கு எரிந்ததாம். உள்ளே நண்டு, ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. நாடியர் பயந்து பயந்து செருகினார். தொடர்பு இல்லை.

"மூளை..." என்று தொடங்கினார்.

"மூளையைப் பேந்து பாப்பம்," என்றார் மரியதாஸ் அண்ணை. "உந்தக் கேபிளை ஒருக்காத் தாரும்."

கராஜில் காற்று நின்றுவிட்டது. அந்தக் கேபிளை இதுவரை வேறு ஒரு கை தொட்டதில்லை. மரியதாஸ் அண்ணை அதைப் பற்றி ஒன்றும் அறியாதவர். எட்டி வாங்கி, பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார்.

"எங்கடை போட் எஞ்சின் நிண்டால் நாங்கள் முதலிலை வயர்ப் பிளக்கைத்தான் கழட்டிப் பாப்பம். உப்புப் பூத்திருக்கும். அதுசரி, இதென்ன பல்லெல்லாம் மஞ்சளாக் கிடக்கு? என்ன பூசினனீர்?"

நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பிளக்குக்குள் பதினாறு கம்பிப் பல். பதினாறிலும் காய்ந்த சந்தனம், அதற்கு மேல் குங்குமம்.

வழக்கமாக ஆயுத பூசைக்குப் பெட்டி மூடியில்தான் பொட்டு வைப்பாராம். இந்த முறை, பெட்டிக்கு மட்டும் வைத்தால் கேபிள் மனவருத்தப்படும் என்று நினைத்து, ஈர்க்குக் குச்சியால் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியே வைத்திருக்கிறார். நாங்கள் எத்தனை பேர் அதைப் பார்த்தோம்! ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. ஆயுதத்தில் சந்தனம் இருப்பது எங்களுக்குப் புதினமா என்ன? கோயிலுக்கு வெளியே, மாதாவைக் கும்பிட்டு வளர்ந்த ஒரு கண்ணுக்குத்தான் அது மஞ்சளாகத் தெரிந்தது.

நாடியர் கேபிளை வாங்கிக்கொண்டு சாமி படத்தைப் பார்த்தார். சாமிக்கு வைத்ததை அழிக்கலாமா என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி, "அப்பனே, பொறுத்துக்கொள்" என்றார். உள்ளே போய் ஒரு பல்லுப் பிரஷும் ஸ்பிரிட் போத்தலும் கொண்டுவந்தார். பிரஷ் அவருடையது. குழந்தைக்குப் பல் தீட்டுகிற மாதிரி ஒவ்வொரு பல்லாகத் தீட்டினார். ஊதினார், காயவிட்டார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். நண்டு லொறிக்கடியில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மரியதாஸ் அண்ணையும் ஒரு சொல் அவசரப்படுத்தவில்லை.

லொறியில் செருகினார். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு செருகினார். பச்சை லைற் எரிந்தது.

ஏதோ ஒரு சென்சர் வயர் கழன்றிருந்தது, கால் மணித்தியாலத்தில் லொறி கொழும்புக்குப் போய்விட்டது. அடுத்தது என் வான். நான் வாங்கில் போய் இருந்துகொண்டேன், பார்க்கத் தைரியம் இல்லை. லப்டொப்பில் எழுத்துகள் ஓடின. நாடியர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"பிளக்குக்குப் பொறி குடுக்கிற மூண்டாவது கொயில் போட்டுது. அவ்வளவுதான். மூளை நல்ல கூர்மையா இருக்கு."

என் வயிற்றில் பாலை வார்த்தார் அந்த மனிதர்! கொயில் யாழ்ப்பாணத்துக் கடையிலேயே கிடைத்தது. பின்னேரம் வான் பழையபடி சீறியது. சாவகச்சேரிக்காரருக்குப் போன் எடுத்து, "அண்ணை, லொறி தேவையில்லை" என்றேன். அந்த மூன்று சொல்லையும் இரண்டு தரம் சொன்னேன், அவர் என்ன நினைத்தாரோ. மனுசி மட்டும் சிரித்துக்கொண்டே, "நான் சீற்றுத் துடைச்சது வீணாப் போகேல்லை" என்றாள்.

நாடியருக்குத்தான் நிம்மதி இல்லை. அன்றைக்கே ரீச்சரின் காரைப் பார்த்துச் சுகமென்று அறிந்து, அதைத் தானே ஓட்டிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போய், வாசலில் நின்று, "பிழை வாகனத்திலை இல்லை ரீச்சர், என்ரை பக்கம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் திரும்பினாராம். கேபிள் பொய் சொல்லாது என்று ஊருக்கே சொன்ன மனிதருக்கு அது லேசான காரியம் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வானை எடுக்கப் படலையைத் திறந்தால், வெளியே நாடியர். கையில் பெட்டி இல்லை, கேபிள் இல்லை.

"என்ன அண்ணை விடியக்காலமை?"

"சும்மாதான். நானும் ஒருக்கா வாறன்."

எங்கள் வானில் எஞ்சின் இருப்பது முன் சீற்றுக்குக் கீழே. அதற்கு மேல் ஏறி இருந்துகொண்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அவர் ஒருவரோடும் கதைக்கவில்லை, தலையைச் சரித்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். நாவற்குழியைச் சிரமம் இல்லாமல் தாண்டினோம். ஒரு பெருமூச்சு விட்டார். வெள்ளிக்கிழமை தொடக்கம் நித்திரையில்லாத மனிதர், அப்படியே கதவில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்.

பிள்ளைகள் நேரத்துக்கு இறங்கினார்கள். கடைசிப் பிள்ளை வாயில் விரலை வைத்துக்கொண்டு, பின் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனது. நான் மரநிழலில் நிறுத்தினேன். ஆனால் சாவியைத் திருப்பவில்லை. பெற்றோல் விற்கிற விலைக்கு எஞ்சினை ஓடவிட்டபடியே ஒரு மணித்தியாலம் இருந்தேன். சத்தம் நின்றால் மனிதர் பதறிப்போய் எழும்பிவிடுவார்.