தாழ்ந்த பக்கத்திலிருந்து அளக்க வேண்டுமாம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லை. உன் நலத்தை அறிய எனக்கு இப்போதைக்கு ஆவலும் இல்லை. முறை கெடக்கூடாது என்பதால் இரண்டையும் எழுதியதாக வைத்துக்கொண்டு மேலே படி.

ஃபோனில் பேசாமல் இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோன் செய்தால் நீ "ஒரு நிமிஷம் அத்தான்" என்று சொல்லி அதை உன் மனைவியிடம் கொடுப்பாய், அவள் குழந்தையிடம் கொடுப்பாள், குழந்தை வாயில் வைத்துக்கொள்ளும். தவிர, நியாயம் தன் பக்கம் இருப்பவன் முதலில் ஃபோன் செய்யக்கூடாது என்பது என் கொள்கை. "தம்பி வீட்டுக்குப் போறேன், அந்தச் சுவர் நிக்கிற வரைக்கும் திரும்பி வரமாட்டேன்" என்று உன் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டிய நாளிலிருந்து நானும் பொறுத்துப் பார்க்கிறேன். அக்கா வந்து சேர்ந்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட உனக்கு வாய் வரவில்லை. அவளை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, என்னைப் பற்றி அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியாதா. ஒரு பக்கத்துக் கதையையே கேட்டுத் தலையாட்டினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். என் பக்கத்தையும் கேள்.

எங்கள் வீடு சரிவில் இருப்பது உனக்குத் தெரியும். மேல்வீடு தையற்கடைக்காரருடையது. அவர் தோட்டத்து மண், எங்கள் கொல்லை மண்ணைவிட நான்கடி உயரம். அந்த மண் எங்கள் சமையலறைக்குள் வந்து குடியேறாமல் ஒரு பழைய தாங்குசுவர் தடுத்துக்கொண்டிருந்தது. அதன் தலை அவர் மண்மட்டத்தோடு முடிந்துவிடும். அந்த விளிம்பில் அவர் மனைவி வந்து நிற்பாள், கீழே துணி காயப்போடும் சாக்கில் உன் அக்கா நிற்பாள், இருவரும் பேசாத பேச்சு கிடையாது. என் இரத்த அழுத்தம், என் குறட்டை, நான் வாங்கி வந்து வீணாய்ப்போன மிக்ஸி எல்லாம் அந்தச் சுவர் வழியாகத்தான் மேலேறிப் போயின. அதையும் சகித்துக்கொண்டேன். ஒரு நாள் காலை நான் கொல்லையில் குனிந்து நிமிர்ந்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, தையற்கடைக்காரர் விளிம்பில் காபித் தம்ளருடன் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இடுப்பு நாப்பத்திரண்டு இருக்குமா சார்?" என்று கேட்டார். நான் வேலை பார்த்தது எடை அளவுத் துறையில். ஊரிலுள்ள தராசையெல்லாம் பொய்யா மெய்யா என்று சொல்லி முத்திரை குத்தியவன். என்னை ஒருவன் கண்ணாலேயே அளந்து, அதையும் என் மனைவி காதில் விழும்படி உரக்கச் சொல்கிறான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு டேப்பால் அளந்து பார்த்தேன். எவ்வளவு வந்தது என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் நீ வந்து சேர்ந்தாய். "கட்டிருங்க அத்தான், அந்த ஆளு மூஞ்சியே தெரியக்கூடாது" என்றாய். சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டாய். பழைய சுவரும் மழையில் சாய்ந்திருந்தது. தாங்குசுவரையும் சேர்த்துப் புதிதாகக் கட்டக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். "வேலிச்சுவர் ஆறடி வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க சார்" என்றார். நானே மேல்வீட்டுத் தோட்டத்தில் போய் நின்று, என் சொந்த இரும்பு டேப்பைப் பிடித்து, அந்த மண்ணிலிருந்து ஆறடி, ஒரு நூல் கூடுதல் குறைச்சல் இல்லாமல் கட்ட வைத்தேன். தாங்குசுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட வேண்டும் என்று கொத்தனார் முனகினார். மேல்வீட்டார் செடிக்கு ஊற்றும் தண்ணீருக்கு என் வீட்டில் என்ன வேலை என்று கேட்டு, ஓட்டையே இல்லாமல் பூசச் சொன்னேன். வேலை முடிந்து கீழே வந்து பார்த்தால் சுவர் என் பக்கம் பத்தடி நிற்கிறது. தாங்குசுவர் நான்கடியை நான் யோசிக்கவில்லை என்று நீ சிரிப்பாய். யோசித்தேன். அது பழைய சுவரின் கணக்கு, இது புதுச் சுவரின் கணக்கு என்று நினைத்தேன்.

அதன்பிறகு சமையலறையில் நடுப்பகலிலும் விளக்கு. துணி காய மறுத்தது. உன் அக்கா கொல்லையில் நின்று சுவரை அண்ணாந்து பார்ப்பாள், உள்ளே வந்துவிடுவாள். ஒரு மழைக்குப் பிறகு, போக வழியில்லாத தண்ணீரெல்லாம் பின்னால் சேர்ந்து, சுவருக்கு வயிறு தள்ளிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு உன் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க பேப்பர் படிப்பீங்க, நியூஸ் பாப்பீங்க, எங்கிட்ட என்ன பேசியிருக்கீங்க? எனக்குன்னு பேச இருந்தது அவங்க ஒருத்திதான். அதையும் வெச்சுப் பூசிட்டீங்களே." இதில் எந்தக் குற்றச்சாட்டுக்கும் ஆதாரம் கிடையாது. அதை நான் சொல்வதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

அவள் போன கையோடு கட்டட ஆய்வாளர் வந்து நின்றார். மேல்வீட்டார் புகாராம். என் மகள் வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எந்தப் பக்கம் நின்னு சார் அளந்தீங்க?"

"மேல்பக்கம்."

"உங்க வீடு எந்தப் பக்கம்?"

"கீழ்ப்பக்கம்."

"அப்ப ஏன் அவங்க தோட்டத்துல போய் அளந்தீங்க?"

அங்கேதான் மண் சமமாக இருந்தது என்றேன். அவர் சிரிக்காமல் விதியைச் சொன்னார். அந்த விதியை எழுதிய மகானை நான் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். தாங்குசுவரின் தலையில் வேலிச்சுவர் உட்கார்ந்தால் இரண்டையும் கூட்டித்தான் உயரமாம். தாழ்ந்த பக்கத்து மண்ணிலிருந்துதான் அளக்க வேண்டுமாம். மொத்தம் ஆறடிக்கு மேல் போகக்கூடாதாம். சரி, அப்படியானால் மேல்பக்கம் இரண்டடிதானே நிற்கும், யாராவது தடுக்கி என் கொல்லையில் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். விழாமலிருக்க மூன்றடி தடுப்பு கட்டாயமாம். நான்கும் மூன்றும் ஏழு என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அந்த அலுவலகத்தில் மட்டும் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. "மேல ஒரு அடி கம்பி வெச்சுக்கலாம் சார். கம்பி உயரத்துல சேராது" என்றார். ஏன் சேராது? அதன் ஊடே பார்க்கலாமாம். பார்க்கக்கூடாது என்றுதானே அம்மா நான் சுவரே கட்டினேன்! இதைச் சொன்னேன். "அதுக்கு ஜன்னல்ல திரை போடுங்க சார், திரைக்கு எங்ககிட்ட விதி இல்ல" என்று சொல்லிவிட்டு, மேலே நான்கடியை இடிக்க வேண்டும், கீழே தண்ணீர் ஓட்டை போட வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். ஒட்டியது எங்கே தெரியுமா, சுவரின் வயிற்றில். மேல்வீட்டில் தையற்கடைக்காரர் தன் துணி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உலாவியதாகக் கொத்தனார் சொன்னார். பனியன் மாதிரி இழுத்த இழுப்புக்கு வரும் அந்த டேப்பெல்லாம் ஒரு டேப்பா? நான் வேலையில் இருந்திருந்தால் அதைப் பறிமுதல் செய்திருப்பேன்.

இதில் வெட்கக்கேடு இன்னொன்று. தினமும் சாயங்காலம் அந்தச் சுவருக்கு மேலிருந்து கயிற்றில் ஒரு சாப்பாட்டுக் கேரியர் இறங்குகிறது. "சார், சாப்பாடு!" என்று தையற்கடைக்காரர் மனைவியின் குரல் மட்டும் வரும். எதிரி வீட்டுச் சோற்றைத் தொடமாட்டேன் என்று முதல் நாள் உறுதியாகத்தான் இருந்தேன், மூடியைத் திறக்கும் வரை. உப்புக் குறைத்து, எண்ணெய் குறைத்து, எனக்குப் பிடிக்காத கீரையை எனக்குப் பிடித்த பருப்புக்குள் ஒளித்து வைத்து அனுப்புகிறாள். என் உடம்பு விஷயம் முழுக்க அந்தச் சுவர் வழியாக எவ்வளவு தூரம் போயிருக்கிறது பார். சமையல் மட்டுமில்லை, உன் அக்கா மாதிரியே தொடர்ந்து ஏழெட்டுத் தும்மல் போடவும் அந்த அம்மாள் கற்றுக்கொண்டுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் கேட்கிறது. பழக்கதோஷம், வேறென்ன. நேற்று இடிப்பு வேலைக்குக் கூலி பேச வந்த கொத்தனாரிடம், "சாரை வெயில்ல நிக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க" என்று அங்கிருந்து சேதி வேறு. சொல்லிவிட்டுக் கொத்தனார் எதற்கோ இளித்தார். அடுத்த வீட்டுப் பெண்பிள்ளைக்கு என்மேல் இருக்கும் அக்கறை, என் வீட்டுப் பெண்பிள்ளைக்கு இல்லை. இதை அவளிடம் இதே சொற்களில் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காவை அனுப்பிவை. சுவரை எப்படியும் இன்று இடிக்கிறார்கள், அவள் போட்ட நிபந்தனை அதோடு முடிந்தது. நான் கூப்பிட்டதாகச் சொல்லாதே, நீயாகச் சொன்னதாகச் சொல். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. பேப்பரை இரண்டு முறை படிக்கிறேன். படித்ததைச் சொல்லத் தலை தூக்கினால் எதிரே நாற்காலிதான் இருக்கிறது. எனக்கு அவள் வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் அவளிடம் காட்டலாம், மற்றதை மடித்து வைத்துக்கொள்.

நீயும் உன் மனைவியும் குழந்தையும் நீண்ட ஆயுளோடும், உயர்ந்த மனிதர்களே இல்லாத சமதளத்திலும் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: இதைத்தான் நீ முதலில் படித்திருக்க வேண்டும். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, அக்கா எப்போது நம் வீட்டுக்கு வந்தாள் என்று நீ பதறியிருப்பாய். பதற வேண்டாம், கிடைத்துவிட்டாள். சற்றுமுன் கொத்தனார் கடைசி வரிசைக் கல்லை எடுத்ததும், ஆறடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க டேப்புடன் கொல்லைக்குப் போனேன். சுவருக்கு மேலே, தையற்கடைக்காரர் தோட்டத்தில், உன் அக்கா இடுப்புக்கு மேல் தெரிந்தாள். அவர்கள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்குப் போன வழியில் அந்த அம்மாள் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போய்விட்டாளாம். அன்றிலிருந்து அங்கேதானாம். நான் கட்டிய பத்தடியில் எனக்குத்தான் தெரியவில்லை. "தம்பிக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, பாவம்" என்றாள். ஆகையால் உன்னைத் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கியதாக வைத்துக்கொள். கிழித்துவிடாதே, வேறு எதற்காவது பொருந்தும்.

அவளே குனிந்து டேப்பின் நுனியை வாங்கி, சுவர் தலையில் பிடித்தாள். நான் கீழே மண்ணில் வைத்துப் படித்தேன். ஆறடி, ஒரு நூல் கூடுதல் குறைச்சல் இல்லை. விதி தவறு என்ற என் கருத்தில் மாற்றமில்லை. வீட்டுக்கு வா என்று மட்டும் சொன்னேன். அவள் துணியை உதறிக்கொண்டே, "வரேன். அவங்க வீட்டு கேரியரைக் கழுவி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இத்துடன் முடிக்கிறேன். கேரியரின் எல்லா அடுக்கும் கழுவாமல் அப்படியே கிடக்கின்றன.