மெமரி கார்டோடு வந்த ஆள்

ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, அந்த எச்சரிக்கை ஊருக்கு மட்டும்தான் என்ற எண்ணம் சீக்கிரமே வந்துவிடும். எனக்கு முதல் மாதமே வந்துவிட்டது. ஹைதராபாத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். 'எங்கிருந்து வந்தது என்று தெரியாத பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள்' என்று வாராவாரம் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் மகான் நான்தான். (யாரும் படித்ததில்லை. நானும் படித்ததில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.)

அப்பா போன பிறகு அம்மா திருச்சியிலிருந்து, கொண்டாப்பூரில் இருந்த என் ஃப்ளாட்டுக்கு வந்தாள். மூட்டு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பகலில் தனியாக இருப்பாளே என்று, சீட்டுக்கட்டு அளவுள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை இணையத்தில் வாங்கி, அதில் கேமரா மாட்டி ஹாலில் வைத்தேன். எலெக்ட்ரானிக்ஸ் நோண்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் வாங்கும் சாமான் அது. கூடவே ஒரு மெமரி கார்டும் வந்தது. வேண்டிய மென்பொருளையெல்லாம் விற்றவரே அதில் ஏற்றி அனுப்பியிருந்தார். அதை அழித்துவிட்டு நாமே புதிதாக ஏற்றிக்கொள்வதுதான் முறை. எனக்குத் தெரியாததா? ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. கார்டைச் செருகினேன், ஓடியது, பாஸ்வேர்டை மாற்றினேன், தூங்கப் போய்விட்டேன். அதன்பிறகு ஆபீஸிலிருந்தபடியே அம்மாவை எட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஆபீஸ் என்பதால் என் ஃபோனில் சத்தத்தை மட்டும் அணைத்து வைத்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் நானும் அம்மாவும் மல்லாபூருக்குப் பெண் பார்க்கப் போனோம். ஹைதராபாத்திலேயே ஊறிப்போன தமிழ்க் குடும்பம்; பேச்சுக்கு நடுவே அந்த ஊர் உருது எட்டிப் பார்க்கும். பெண்ணின் அப்பா ராகவன், பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் வித்யா, சர்க்யூட் வடிவமைக்கிற பொறியாளர்.

"தம்பி என்ன வேலைன்னு சொன்னீங்க?" என்றார் ராகவன்.

"செக்யூரிட்டிங்க."

"ஹவ்! அப்படியா! எந்த அபார்ட்மென்ட் கேட்ல?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் வீட்டு வைஃபையில் என் ஃபோனை இணைத்து, அதை டிவியில் தெரியும்படி செய்தேன். "எங்கேர்ந்து வேணும்னாலும் என் வீட்டை நான் பாத்துக்கலாம் சார். நானே பண்ணினது."

நேரலைக்கு முன்னால், அன்றைக்குப் பதிவான காட்சி தானாக ஓடும் என்பதை மறந்துபோனேன். டிவி நிறைய நான்தான் இருந்தேன். பனியன், இடுப்பில் துண்டு. அன்று காலை ஹால் கண்ணாடிமுன் பார்த்த ஒத்திகை. "நான் ரொம்ப சிம்பிளான ஆளுங்க..." என்று ஒருமுறை புன்னகையோடு. இன்னொருமுறை தலையைச் சாய்த்து. பிறகு, பாக்கெட்டில் கைவிட்டபடி. துண்டுக்கு ஏது பாக்கெட்? கை இடுப்பைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.

வித்யா வாய்விட்டுச் சிரித்தாள். ராகவனுக்குப் புரையேறியது. அம்மாகூடச் சிரித்தாள். மானம் போனாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை நம்பி மனசுக்குள் கல்யாணப் பத்திரிகை அடிக்கவே கொடுத்துவிட்டேன்.

சிரித்து முடித்த வித்யா, "எந்தக் கார்டு போட்டிருக்கீங்க? கூட வந்ததையேவா?" என்றாள்.

"ஆமா. ஆனா பாஸ்வேர்டு மாத்திட்டேன்."

"உங்க பாஸ்வேர்டை மாத்தினீங்க. அதுல வேற யாருக்காவது கணக்கு இருக்கான்னு பாத்தீங்களா?"

"வேற யாருக்கு இருக்கப்போகுது?" என்று நான் சிரித்தேன். இன்றைக்கும் நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றும் சிரிப்பு.

அவள் என் ஃபோனை வாங்கி, அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, ஒரு சொல்லைத் தட்டினாள். அதற்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளை அது. டிவியில் இரண்டு பெயர்கள், எங்கிருந்து நுழைந்தவை என்ற அட்ரஸோடு வந்தன. ஒன்று என்னுடையது.

"இன்னொண்ணு சிஸ்டத்தோட பேரா இருக்கும்," என்றேன்.

"சிஸ்டம் எதுக்குங்க வெளிநாட்டு அட்ரஸ்லேர்ந்து வரணும்?"

கார்டை ஏற்றியவர் யாரோ, தனக்கும் ஒரு சாவி செய்து உள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார். ராகவன் எழுந்துவிட்டார். "நக்கோ, நக்கோ! யாரும் எதையும் தொடாதீங்க!" ரவுட்டர் ஒயரைப் பிடுங்கினார், டிவியை அணைத்தார், சந்தேகத்துக்குச் சமையலறையில் மிக்ஸி பிளக்கையும் உருவினார். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ்டர், அந்த ஃபோனை வெளியில வெச்சுட்டு வாங்க," என்றார். தம்பியாக உள்ளே வந்தவன் மிஸ்டராகி, வாசலில் என் செருப்பின்மேல் ஃபோனை வைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வித்யாதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "ஆன்ட்டி, உங்க வீட்டுக் கேமராவை வேற யாரோ பாத்துட்டிருக்காங்க."

"இன்னிக்கா?"

வித்யா என்னைப் பார்த்தாள். "வாங்கினதிலேர்ந்தே இருக்கலாம்."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். நாங்கள் உட்கார்ந்திருந்த ராகவன் வீட்டில் கேமராவே கிடையாது.

திரும்பும்போது டாக்ஸியில் அம்மா, "அதுல பேச்சும் கேக்குமில்ல? நீ பேசினது கேட்டுச்சே," என்றாள்.

"கேக்கும்மா."

"மத்தியானத்துல அப்பா படத்துக்கிட்ட உக்காந்து பேசுவேன்டா. அதையுமா கேட்டிருப்பான்?"

அவள் வாய் அசைவதை ஆபீஸிலிருந்து பார்த்திருக்கிறேன். அக்காவோடு ஃபோனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பெற்ற பிள்ளை கேட்காததை முகம் தெரியாத ஒருவன் கேட்டிருக்கிறான். என்ன பேசினாள் என்று இதுவரை நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதையும் இல்லை.

மல்லாபூரிலிருந்து பதில் வரவில்லை. வித்யா மட்டும், 'அந்தக் கார்டை உடைத்துப் போடுங்கள். புதிது வாங்கி நீங்களே ஏற்றுங்கள்' என்று செய்தி அனுப்பியிருந்தாள். நன்றி சொல்லி ஒரு சிரிப்புப் பொம்மையும் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. கார்டைச் சுத்தியலால் நொறுக்கினேன். அடுத்த மாதமே அம்மா, முட்டி சரியாகிவிட்டது என்று சொல்லித் திருச்சிக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். முட்டி சரியாகவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் வீடியோ கால் போட்டாலும், "எல்லாரும் வந்தாச்சா? அந்த வெளிநாட்டுக்காரரும் வந்துட்டாரா?" என்று அத்தான் ஆரம்பித்துவைப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள்; சத்தம் கேட்கும். முகம் மட்டும் தெரியாது. ஃபோனை மல்லாத்திக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவாள். நானும் திருச்சி வீட்டு ஃபேனைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.