காரின் காதில் விழக் கூடாது

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே வாடகைக் கார் ஓட்டுகிற அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்தாலும், தன் காரிடம் மரியாதையாக நடந்துகொண்டவர் என்று ஒரே ஒருவரைத்தான் கை காட்ட முடியும். மற்றவர்கள் கார் ஓட்டினார்கள். பத்தடியோ தன் காரோடு குடித்தனம் நடத்தினார்.

பத்தடி அவருடைய பெயர் இல்லை. நிஜப் பெயர் கார் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. காரைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், அவர் காரிலிருந்து இறங்கி, எண்ணிப் பத்து அடி தள்ளிப் போய், குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். கேட்கிறவரும் கூடவே நடந்து போக வேண்டும். காருக்குக் காது கேட்கும், குறை சொன்னால் மனசு ஒடிந்து போகும், மனசு ஒடிந்த வண்டி மேம்பாலம் ஏறாது என்பது அவருடைய சித்தாந்தம். இதை அவர் சிரிக்காமல் சொல்வார்.

அந்தக் கார் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்த்தேன். மற்ற டிரைவர்கள் டீ கிளாஸோடு பானெட்டில் சாய்ந்தபடியே வண்டியைத் திட்டுவார்கள். ஒருவருக்கு மைலேஜ் பிடிக்கும், கிளட்ச் பிடிக்காது. இன்னொருவருக்கு ஸ்டியரிங் பிடிக்கும், சஸ்பென்ஷன் பிடிக்காது. பத்தடிக்கும் இரண்டு பட்டியல்கள் உண்டு. பிடித்ததை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கார் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார். தன் முதுகுக்கென்றே சீட்டில் விழுந்திருக்கிற பள்ளம், உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து வழவழப்பான கியர் குமிழ், எந்த மழையிலும் முதல் சாவிக்கே எழுந்துவிடும் சமத்து. பிடிக்காததைச் சொல்ல ரோட்டைத் தாண்டி எங்கள் கடை வாசலுக்கு வந்துவிடுவார். இறங்கின கண்ணாடி ஏறாது, உதைத்தால்தான் டிக்கி திறக்கும், ரிவர்ஸில் முனகும். ஒரு தடவை காரின் ஆர்.சி. கார்டை நான்கு மடங்கு பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, வீட்டுச் சுவரில் மாட்டினார். அவர் கல்யாண போட்டோ அதைவிடச் சின்னது.

ஸ்டாண்டில் அவருக்கு ஒரே ஒரு விரோதி. புதுக் கார் வைத்திருந்த இளைஞன். எந்நேரமும் ஏ.சி.யை முழுசாக வைத்து ஓட்டுவதால் அவன் பெயர் சில்லு. அந்தச் சில்லு ஒருநாள் பத்தடியின் கார் பானெட்டிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, இதை எடைக்குப் போட்டுவிடு என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம், பக்கத்துப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு, ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அரசு வேலைக்கான தேர்வை நான் மூன்று தடவை எழுதித் தோற்றிருந்தேன். நாலாவது தடவைதான் கடைசி. அதற்குப் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும், ஆயுள் முழுக்க ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தேர்வு மையம் விழுப்புரத்தைத் தாண்டி, கோலியனூர் போகிற சாலையில் ஒரு பள்ளிக்கூடம். காலை ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள், அதன்பின் யார் வந்து அழுதாலும் திறக்க மாட்டார்கள். எங்கள் வீடு ஒலக்கூரில். பஸ்ஸை நம்பி உட்கார எனக்குத் தைரியம் இல்லை. பத்தடி தானாக வந்து, நான் இட்டுக்கினு போறேன், கவலைய உடு என்றார். நேரம் தவறாத மனிதர் என்பதால் சரி என்றேன்.

ஏழு மணி என்று சொன்னவர் ஆறு ஐம்பதுக்கே வாசலில் நின்றார். ஏழேகாலுக்குக் கிளம்பினோம். துணைக்கு என் வீட்டுக்காரர். வாயை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், ஹால் டிக்கெட்டைத் தேடுகிற பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

திண்டிவனம் தாண்டினதும் பின்பக்கக் கண்ணாடி தானாக இறங்கியது. காற்றில் என் குறிப்புத் தாள்கள் பறந்தன. வீட்டுக்காரர் இரண்டு கையாலும் கண்ணாடியை இழுத்துப் பார்த்துவிட்டு, இது காரா கருவாட்டுக் கூடையா என்று கேட்டுவிட்டார்.

கார் ஓரம் கட்டி நின்றது. பத்தடி இறங்கி வந்து, ரொம்ப மரியாதையாகப் பின்கதவைத் திறந்தார். "வாங்க சார், தள்ளி நின்னு பேசிக்கலாம்" என்றார்.

மணி ஏழு ஐம்பது. நான் உள்ளே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரு மைல்கல் பக்கத்தில் நின்றார்கள். முதலில் என் வீட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், பத்தடி தலையாட்டினார். பிறகு பத்தடி பேச ஆரம்பித்தார், அது முடிவதாக இல்லை. ஆறு நிமிஷம் போனது. திரும்பி வந்த வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்து கிசுகிசுத்தார். "நான் ரெண்டு குறைதான் சொன்னேன். அந்தாளு பதினொண்ணு சொல்றாரு." அவருக்கே அதற்குள் கார் கேட்டுவிடுமோ என்ற பயம் வந்திருந்தது.

கூட்டேரிப்பட்டைத் தாண்டினோம். பத்தடி திடீரென்று காரைப் புகழ ஆரம்பித்தார். என் தங்கம், இன்னா ஓட்டம் ஓடுது பாரு, இது மாதிரி வண்டி உண்டா என்று ஸ்டியரிங்கைத் தடவினார். ஸ்டாண்டுக்கு எதிரே வருஷக்கணக்கில் நின்ற எனக்கு ஒரு விஷயம் தெரியும். பத்தடி காரணமில்லாமல் புகழ்ந்தால் காரில் ஏதோ கோளாறு.

ஏதாவது பிரச்சினையா அண்ணா என்று கேட்டேன். "பிரச்சினையா, இதுக்கா? ஒண்ணுமே இல்லம்மா" என்று முன்கண்ணாடியைப் பார்த்து உரக்கச் சொன்னார். ஆனால் மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. அது என்னைப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷத்தில் கார் மறுபடியும் ஓரம் கட்டியது. கொஞ்சம் இறங்கி வாம்மா என்றார்.

இறங்கினேன். அவர் முன்னால் நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவது அடியில் எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பத்தாவது அடி வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"சூடு ஏறிக்கினே இருக்குதும்மா. ரேடியேட்டர் ஃபேனு சுத்தல."

எத்தனை நாளாக என்று கேட்டேன். பத்து நாளாக என்றார். மெக்கானிக்கிடம் காட்டவில்லையா என்றேன். போனாராம். மெக்கானிக் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தானாம். குறையை இங்கேயே சொல்லுங்கள், என்னால் எழுந்து வர முடியாது என்றானாம்.

"அங்க எப்டிம்மா சொல்றது? இது பக்கத்துலயே நிக்குது. ஆயில் மட்டும் பாரு கண்ணுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

போனில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். போனையும் பத்து அடி தள்ளிப் போய்த்தான் போட்டாராம், அவன் எடுக்கவில்லையாம். எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சடிக்காது. என் கடைசி வாய்ப்பு, என் வாழ்க்கை, மூன்று வருஷமாக விடியற்காலையில் எழுந்து படித்த படிப்பு, எல்லாம் ஒரு மனிதர் காருக்கு எதிரில் மூன்று வார்த்தை பேசக் கூச்சப்பட்டதால் நடுரோட்டில் நின்றது. அதையும் நான் பத்து அடி தள்ளியே நின்றுதான் சொன்னேன். அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

இன்ஜின் கொஞ்சம் ஆறக் காத்திருந்து, இருந்த பாட்டில் தண்ணீரையெல்லாம் ஊற்றினோம். பரீட்சைக்கு வைத்திருந்த என் பாட்டிலும் போனது. எட்டு இருபதுக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், பானெட்டிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. கார் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றுவிட்டது. மணி எட்டு முப்பத்தைந்து.

பஸ் எதுவும் அந்த இடத்தில் நிற்காது. வீட்டுக்காரர் போகிற வருகிற கார்களுக்கெல்லாம் கையைக் காட்டினார். எல்லாம் பறந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. பத்தடி என்னைப் பார்த்தார், திண்டிவனம் பக்கம் பார்த்தார். தூரத்தில் ஒரு புதுக் கார் வந்துகொண்டிருந்தது. அது அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் மாறியது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து ரோட்டின் குறுக்கே போய் நின்றார்.

கார் கிறீச்சிட்டு நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே சில்லு. விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு பார்ட்டியை ஏற்றப் போய்க்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, ரெண்டு வருஷமா வாயத் தொறக்கல. இன்னிக்கி குறுக்க வந்து நிக்கிற?"

"இந்தப் பொண்ணுக்கு ஒம்போதுக்கு கேட்டு சாத்திருவாங்க. கோலியனூர் ரோடு. நீ இட்டுக்கினு போய் விட்ரு" என்றார் பத்தடி.

சில்லு என்னைப் பார்த்தான், ஆவி விடுகிற காரைப் பார்த்தான், சிரித்தான். "விடுறேன். ஆனா அன்னிக்கி நான் சொன்னது சரின்னு சொல்லு. இங்க இல்ல. அது பக்கத்துல நின்னு, அது காதுல விழற மாதிரி சொல்லு."

பத்தடி திரும்பித் தன் காரைப் பார்த்து நடந்தார். அந்தப் பத்து அடியை அவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. என் கடிகாரத்தில் முள் நகர்ந்துகொண்டிருந்தது, ஜல்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார் பக்கத்தில் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது கொதித்திருக்கும். கையை எடுக்கவில்லை.

"கண்ணு," என்றார். "நான் ஒண்ணு சொல்லணும். நீ..."

மறுபடியும் வாயைத் திறந்தார். சொல்லிவிடப் போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சில்லு கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து, அவர் வாயைத் தன் கையால் பொத்தினான்.

"வேணாம்ணா. வெளையாட்டுக்கு சொன்னேன். நீ ஏறும்மா, ஜல்தி."

ஏறினேன், பத்தடிக்குத் துணையாக வீட்டுக்காரர் அங்கேயே நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தபோது பத்தடி பானெட் பக்கம் குனிந்து ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏ.சி. முழுசாக ஓடியும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. முண்டியம்பாக்கம் தாண்டினதும் சில்லு கேட்டான், அந்தாளு நெசமாவே சொல்லியிருப்பாரு இல்ல என்று. சொல்லியிருப்பார் என்றேன். அவன் ஆக்சிலரேட்டரை மிதித்தான். ஊருக்குள் நெரிசலில் எந்தச் சந்தில் புகுந்தான், எத்தனை பேரிடம் திட்டு வாங்கினான் என்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது ஒரு கதவு சாத்தியாகிவிட்டது. இன்னொரு கதவின் மேல் காவலரின் கை இருந்தது. ஓடினேன். எனக்குப் பின்னால் கேட் மூடுகிற சத்தம் கேட்டது.

மத்தியானம் வெளியே வந்தால், எதிரில் பத்தடியின் கார். என் வீட்டுக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டைத் தடவிக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டியிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தது அவர்தானாம். அந்த மெக்கானிக்கைப் பத்து அடி தள்ளிக் கூட்டிப் போய் ஃபேன் விஷயத்தைச் சொன்னதும் அவரேதானாம். கருவாட்டுக் கூடை என்ற பேச்சே இல்லை.

வேலை கிடைத்தது. ஆர்டர் கைக்கு வந்த அன்றைக்கே இனிப்பு டப்பாவோடு ஸ்டாண்டுக்குப் போனேன். சில்லுவும் பத்தடியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவை நீட்டினேன். பத்தடி வாங்கவில்லை.

"எனக்கு அப்பறம். மொதல்ல அதுகிட்ட போய் சொல்லு. சில்லு வண்டிப் பேச்ச மட்டும் எடுக்காத."

போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடி இறங்கியே இருந்தது. நீதான் என்னை அந்தப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாய், உன்னால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று சொன்னேன். அரசு ஊழியராக நான் சொன்ன முதல் பொய் அதுதான். வெளியே பார்த்தேன். பத்தடி சரியாகப் பத்து அடி தள்ளி, கார் பார்க்க முடியாதபடி முதுகைக் காட்டி நின்று, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்து அடி தள்ளிப் போய்ச் சொல்ல, என் வீட்டுக்காரரைப் பற்றியே என்னிடம் பதினொரு குறைகள் இருக்கின்றன. பத்தடியைப் பற்றி ஒன்றுகூட இல்லை.