நஞ்சண்ணையின் நீலப் பூக்கள்

சுவிஸில் எத்தனையோ தமிழர் தோட்டம் செய்தார்கள். ஆனால் கறிக்கு உதவாத ஒன்றை, அதுவும் ஆளையே கொல்லக்கூடிய ஒன்றை, செல்லம் கொடுத்து வளர்த்தவர் நஞ்சண்ணை ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் ஆராவ் நகரில் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தோம். அவருக்கு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டுகளில் மற்றவர்கள் மிளகாயும் வெங்காயமும் போட, அவர் போட்டது ‘ஐசன்ஹூட்’. தலைக்கவசம் போல நீலப் பூ. இலை முதல் கிழங்கு வரை நஞ்சு. அதனால்தான் அவர் எங்களுக்கு நஞ்சண்ணை.

அவர் சமைக்கும் நாட்களில் எங்களுக்குப் பசிக்காது.

“மூண்டு தரம் கை கழுவிப்போட்டுத்தான் சமைச்சனான். சாப்பிடுங்கோடா!”

“ஒரு தரம் கழுவினது காணாதெண்டு உங்களுக்கே தெரியுதண்ணை” என்று கடையில் வாங்கிய பாண் துண்டைக் கடிப்போம்.

விதைப் பக்கெற்றில் ‘நீலம், ஒரு மீட்டர்’ என்றிருந்தது. மூன்றாம் வருடம் பூத்தபோது ஒன்று அவரது முழங்காலோடு நின்றது, இன்னொன்று தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தது. பழைய பக்கெற்றோடு கடைக்குப் போனார். மொழிபெயர்க்க நான்.

விதையில் முளைப்பது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரித்தான் வரும், நிறமும் மாறலாம் என்றாள் கடைக்காரப் பெண்.

“அப்ப பக்கெற்றிலை ‘எப்பிடியும் வரும்’ எண்டு போடச் சொல்லடா!”

நான் அதை “மிக்க நன்றி” என்று மொழிபெயர்த்தேன்.

அடுத்த கிழமை என் வேலையிடத்துக்குப் போன் வந்தது.

“டேய், தோட்டத்திலை வெள்ளை வந்திட்டுது! ஓடி வா!”

எனக்கு உயிர் போய்விட்டது. வெள்ளைக்காரப் பொலிஸ் என்றே நினைத்தேன். எங்கள் எல்லோருடைய விசாவும் அப்போது இழுபறியில். தற்காலிகப் பேர்மிற்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். நீலங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பூ. பக்கத்தில் மணமகனின் தகப்பன் மாதிரி அண்ணை.

“இதுக்கோ கூப்பிட்டனீங்கள்?”

“வேறை ஆரைக் கூப்பிடுறது?”

எனக்கு விசா கிடைத்து, மனைவியும் இரண்டு வயது மகளும் வந்து சேர்ந்தார்கள். அண்ணையின் துண்டுக்குப் பக்கத்துத் துண்டு எங்களுக்குக் கிடைத்தது. நடுவில் வேலி இல்லை. மகளோ கண்டதையெல்லாம் வாய்க்குள் வைக்கும் பிள்ளை. செடிகளைப் பிடுங்கும்படி அவரிடம் எப்படிக் கேட்பது? மூன்று நாள் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன்.

அண்ணை முழங்காலில் நின்று மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார். ஒரு செடிகூட இல்லை. வெள்ளையும் இல்லை. கிழங்குகள் எல்லாம் பையில் கட்டிக் கிடந்தன.

“ஏனண்ணை?”

“அலுத்துப் போச்சு. கரட் போடப் போறன். அதிலையும் ஊதா நிறம் இருக்காமடா!” என்றார், என் முகத்தைப் பாராமல்.

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் உதவவில்லை. நானும் பக்கத்தில் முழங்காலிட்டு, ஒரு சின்ன வேர்கூடத் தப்பிவிடாமல் மாலைவரை அவரோடு மண்ணைக் கிளறினேன்.